தண்டவாளத்துல நசுங்கினது எரர் காயின் இல்லைங்க!

எரர் காயின்னா, காசு அடிக்கற அக்கசாலையிலேயே பிழையா வந்த காசு. ஆனா ரயில் ஏறி நசுங்கின ரெண்டு ரூபாயை "அச்சுப்பிழை, அபூர்வம்"னு சொல்லி ஆயிரக்கணக்குல விலை வைக்கறாங்க. வாங்கறவங்க ஒரு நிமிஷம் அந்தக் காசைத் திருப்பிப் பார்க்க மாட்டீங்களா? புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில துணி விரிச்சுப் பரப்பினாலும் சரி, கடலூர் வாட்ஸ்அப் குரூப்புல போட்டோ போட்டாலும் சரி, அடிபட்ட காசுக்கெல்லாம் எரர்னு பேர் வெச்சு விக்கறது கொடுமை.

அக்கசாலையில தப்பு நடக்கறது வில்லையை (டிசைன் பதியாத வெறும் உலோக வட்டு) தகட்டுல இருந்து வெட்டும்போது, டிசைன் பதிக்கற அச்சு தயாராகும்போது, இல்ல வில்லை மேல அச்சோட அடி விழும்போது. அதுக்கப்புறம் காசுக்கு ஆகறது எல்லாம் சேதம்தான். அச்சோட அழுத்தத்துல உலோகம் நகர்ந்திருக்கா, இல்ல முடிஞ்ச டிசைன் மேல வேற எதுவோ விழுந்திருக்கான்னு பத்து மடங்கு லென்ஸ்ல பாருங்க.

ஓரம் பிறை மாதிரி வெட்டுப்பட்ட கிளிப் காசுலதான் ஏமாத்து அதிகம். தகட்டுல ஏற்கெனவே வெட்டின ஓட்டை மேல அடுத்த வெட்டு விழுந்தா நிஜமான கிளிப் வரும். அந்த வில்லையோட ஓரத்தை அழுத்தி விளிம்பு தூக்கும்போது, வெட்டுக்கு நேர் எதிர்ப் பக்கம் அழுத்தம் கிடைக்காது. அங்க விளிம்பு மங்கலா, தட்டையா இருக்கும். வெட்டுக்குப் பக்கத்து எழுத்தும் இழுபட்டு மெலிஞ்சிருக்கும். அரம் போட்டுத் தேய்ச்ச காசுல எழுத்து கத்தி வெச்ச மாதிரி அறுந்து நிக்கும், வெட்டு முகத்துல இணைகோடா கீறல் ஓடும், எதிர் விளிம்பு கச்சிதமா இருக்கும். எடை குறையுதுன்னு தராசைக் காட்டுவாங்க. அரத்துல தேய்ச்சாலும் எடை குறையத்தானே செய்யும்!

பத்து ரூபாய்க் கூத்து இன்னும் மோசம். நடு வில்லையையும் வளையத்தையும் ஒரே அடியில, ஒரே அச்சுதான் பதிக்குது. வளையத்துல 'பாரத்', 'இந்தியா' நேரா இருக்க, நடுவுல சிங்கம் மட்டும் சாய்ஞ்சிருந்தா, யாரோ வில்லையைத் தட்டிக் கழட்டித் திரும்பச் சொருகியிருக்காங்கன்னு அர்த்தம். இணைப்புல இடைவெளியும் சுத்தியல் தழும்பும் தெரியும்.

டிசைன் கண்ணாடி பிம்பமா பள்ளத்துல பதிஞ்ச காசுலயும் ஏமாத்து உண்டு. முந்தின காசு அச்சுல ஒட்டிக்கிட்டு, அடுத்த வில்லை மேல பதியறதுதான் நிஜமான எரர், அதுக்குப் பேர் ப்ராக்கேஜ். ரெண்டு காசை வைஸ்ல (பட்டறையில இரும்பைப் பிடிச்சு இறுக்கற கருவி) வெச்சு இறுக்கி அப்படிப் போலியா செஞ்சா பழைய டிசைன் அடியில நசுங்கிக் கிடக்கும், லென்ஸ்ல தெரிஞ்சிடும். அச்சு விரிசலா கீறலான்னு பார்க்க வெளிச்சத்தைச் சாய்வா அடிங்க. விரிசல் காசுல மேடா எழும்பி நிக்கும், கீறல் பள்ளமா போகும்.

வருஷத்துக்குக் கீழ புள்ளி இருந்தா எரராம்! அது நொய்டா அக்கசாலை அடையாளம். நட்சத்திரம் ஹைதராபாத், வைரம் மும்பை. ஒண்ணுமே இல்லைன்னா கொல்கத்தா. 'குறி விடுபட்ட காசு'ன்னு காசு புடுங்கறதை எங்க போய்ச் சொல்ல!

பழைய 9 கிராம் அஞ்சு ரூபாய் செவந்திருந்தா 'செம்புல அடிச்சது'ங்கறாங்க. அதுல முக்கால்வாசி செம்புதான், மீதி நிக்கல். மண்ணுல புதைஞ்சாலோ அமிலம் பட்டாலோ மேல்தோல் செவக்கும். நம்ம கடற்கரையில உப்புல ஊறிக் குழிவிழுந்த ஸ்டீல் காசும் எரர் கிடையாது.

பிரெஞ்சு காலத்துச் செம்புத் துட்டையாவது விட்டுவைங்கப்பா. ஒரு பக்கம் லில்லிப் பூ, மறுபக்கம் தமிழ்ல புதுச்சேரின்னு கையால அடிச்ச காசு. பூ ஓரமா ஒதுங்கறது அதுல சகஜம், அதுக்குத் தனி விலை கேக்காதீங்க.

தன் பேரைச் சொல்லிப் பழைய காசு வாங்கி விக்கற விளம்பரத்தை நம்பாதீங்கன்னு ரிசர்வ் வங்கி 2021-லயே எச்சரிச்சாச்சு. காசைக் கையில தராம போட்டோவை மட்டும் நீட்டறவங்ககிட்ட, ரெண்டு பக்கமும் விளிம்பும் தெரியற படமும், 0.01 கிராம் தராசுல எடையும் கேளுங்க. தரலைன்னா வாங்காதீங்க.