மேலே ஏற்றிவிட்டீர்கள், சரி. இறங்குவது?

கடலூரில் இப்போது புதிதாகக் கட்டும் கல்யாண மண்டபங்களில் வாசலில் ஒரு சரிவுப்பாதை, உள்ளே ஒரு லிஃப்ட் என்று பெரும்பாலும் வைத்துவிடுகிறார்கள். போலியோவால் சின்ன வயசிலேயே சக்கர நாற்காலிக்கு வந்துவிட்ட எனக்கு இதில் சந்தோஷம்தான். ஆனால் தீப்பிடித்தால் முதலில் தொடக்கூடாதது அந்த லிஃப்டைத்தான். கரண்ட் போனால் நடுவில் நின்றுவிடும், அது ஏறி இறங்கும் குழி வழியாகப் புகையும் மேலே ஏறும். மாடி ஹாலில் முன்வரிசையில் மரியாதையாக உட்காரவைத்த என்னை அப்போது எப்படி இறக்குவீர்கள்?

போன தை மாசம் மஞ்சக்குப்பம் பக்கம் ஒரு மண்டபத்தில் மேனேஜரிடமே இதைக் கேட்டேன். "நாங்க நாலு பேர் தூக்கிட மாட்டோமா சார்?" என்றார். மனசாரத்தான் சொன்னார். தம்பி மகனை அனுப்பிப் பின்பக்கப் படியைப் போட்டோ எடுத்து வரச் சொன்னேன். திருப்பத்தில் ஆளுயரத்துக்குப் பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கு, வாழையிலைக் கட்டு, காலி சிலிண்டர் ரெண்டு. கீழ்க்கதவில் பூட்டு. கேட்டால், செருப்பு திருடு போகிறதாம்! தீயணைப்பான் மேடைப் பூ அலங்காரத்துக்குப் பின்னால் மறைந்திருந்தது. அந்த மேடையில்தான் ஜோடி வரும்போது ரெண்டு பக்கமும் கோல்ட் பைரோ என்கிற பூவாணம் மாதிரிப் பொறி கக்கும் வாணம் விட்டார்கள்.

ஐந்நூறு பேர் ஒரே படியில் முண்டியடிக்கும்போது அந்த நாலு பேர் எங்கே இருப்பார்கள்? அவரவர் பிள்ளையைத் தேடிக்கொண்டிருப்பார்கள், அதில் தப்பும் இல்லை. 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கம் கல்யாண மண்டபத் தீயில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், மாப்பிள்ளையும் அதில் ஒருவர். ஓடக்கூடியவர்களுக்கே அந்த கதி. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டிவைத்திருந்த மனநோயாளிகள் 28 பேர் கருகினார்கள். சங்கிலி இல்லாமலும் ஒருவரை மாடியில் கட்டிப்போட முடியும், லிஃப்ட் நின்றால் போதும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு ஆபத்து நேரத்தில் சமமான பாதுகாப்பு என்கிறது. மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மாற்றுத்திறனாளிகளின் விவரப் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. சுனாமியும் தானே புயலும் பார்த்த மாவட்டத்துக்கு இதைப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பழைய பொதுக் கட்டடங்களை எங்களுக்கும் ஏற்றபடி மாற்றியமைக்க அதே சட்டத்தில் கொடுத்த ஐந்து வருஷக் கெடு 2022லேயே முடிந்துவிட்டது.

செலவும் பெரிதல்ல. படியில் ஒரே ஆள் பிடித்துச் சறுக்கி இறக்குகிற மடக்கு நாற்காலி கிடைக்கிறது. காது கேளாதவர்களுக்கு மணியோடு சேர்ந்து மின்னும் விளக்கு. படிக்கட்டை ஒட்டி, தீ தாங்கும் கதவு போட்ட ஒரு சின்ன இடம் இருந்தால் தீயணைப்பு வீரர்கள் வரும்வரை நாங்கள் அங்கே காத்திருக்கலாம். பூட்டைத் திறந்து, படியைக் காலி பண்ணுவதற்கு அந்தக் காசும் வேண்டாம்.

அடுத்த முகூர்த்தத்துக்கு மண்டபம் பிடிக்கப் போகிறவர்கள், ஏசி இருக்கிறதா, எத்தனை கார் நிற்கும் என்று கேட்கும்போதே இதையும் கேளுங்கள்: "லிஃப்ட் ஓடாவிட்டால் எங்கள் பாட்டியை எந்த வழியாக இறக்குவீர்கள்?" பதில் சொல்லத் தடுமாறினால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.