முதல் சவ்வு இன்றைய சவ்வு அல்ல

ஞாயிற்றுக்கிழமை நேரலையைப் பார்த்திருப்பீர்கள். "புரதமும் பம்பும் இல்லாமல் செல் சவ்வு இயங்காது. அப்படியென்றால் முதல் சவ்வு எப்படி வந்தது? எந்த விஞ்ஞானியிடமும் பதில் இல்லை" என்றார் அதில் பேசியவர். செல் சவ்வு என்பது செல்லைச் சுற்றிய மெல்லிய உறை; பம்பு என்பது அதன் வழியே பொருள்களைக் கடத்தும் புரதம். அத்தனை கைதட்டல். இரண்டு நாளாக மனசு ஆறவில்லை.

முதல் சவ்வு இன்றைய சவ்வு அல்ல. இன்றையது பாஸ்போலிப்பிட், அதாவது பாஸ்பேட் சேர்ந்த கொழுப்பு. அதை உண்டாக்க நொதிகள் வேண்டும், அதாவது செல்லுக்குள் வேதிவினைகளை நடத்தும் புரதங்கள். முதலில் இருந்தது வெறும் கொழுப்பு அமிலமாக இருந்திருக்கலாம் என்றுதான் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அதன் ஒரு முனை நீரை நாடும், வால் நீரை விட்டு விலகும். போதிய செறிவும் சரியான காரத்தன்மையும் இருந்தால் இரண்டடுக்காகச் சேர்ந்து தானே குமிழாக மூடிக்கொள்ளும். 1969இல் ஆஸ்திரேலியாவில் விழுந்த மர்ச்சிசன் விண்கல்லிலிருந்து எடுத்த பொருளே குமிழாவதை டேவிட் டீமர் என்ற ஆய்வாளர் 1985இல் காட்டினார். அந்தக் கல்லுக்குள் எந்த நொதி இருந்தது?

பம்பு இல்லையே என்கிறீர்களா? கொழுப்பு அமிலச் சவ்வு கசியும். அந்தக் கசிவுதான் அன்று உதவி. பம்பே இல்லாமல் நியூக்ளியோடைடு (டிஎன்ஏ, ஆர்என்ஏ ஆகியவற்றின் கட்டுமான அலகு) உள்ளே போவதை ஜாக் ஷோஸ்டாக் என்ற விஞ்ஞானியின் குழு 2008இல் செய்தே காட்டியது.

"ஆர்என்ஏ நகலாக மெக்னீசியம் வேண்டும், அது பட்டால் இந்தச் சவ்வு உடையுமே?" உடையும்தான். சிட்ரேட் (சிட்ரிக் அமிலத்தின் உப்பு) சேர்த்தால் தாங்கும் என்று 2013இல் ஆய்வே வந்துவிட்டது. ஆதி பூமியில் அவ்வளவு சிட்ரேட் ஏது என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. "ஆய்வகத்தில் மனிதன்தானே செய்தான்?" என்பதற்கெல்லாம் நான் மெனக்கெடப் போவதில்லை.

உண்மையிலேயே கடினமான கேள்வி வேறு இருக்கிறது. பாக்டீரியா சவ்வின் கொழுப்பில் எஸ்டர் என்ற வேதிப் பிணைப்பு; பாக்டீரியா போலத் தெரிந்தாலும் தனி வகையான ஒற்றைச் செல் உயிரிகளான ஆர்க்கியாவின் சவ்வில் ஈதர் என்ற வேறு பிணைப்பு. அந்தக் கொழுப்புகளின் முதுகெலும்பான கிளிசரால் பாஸ்பேட்டும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். அப்படியானால் இரண்டுக்கும் பொதுவான மூதாதைக்கு எந்தச் சவ்வு? இதைக் கேட்டிருந்தால் நானும் கைதட்டியிருப்பேன். அவர் கேட்கவில்லை. தேடிப் பார்த்தால்தானே கேட்க முடியும்?

பதினொன்றாம் வகுப்பில் இன்றைய சவ்வின் அமைப்பை விளக்கிய மாதிரியை, சிங்கர், நிக்கல்சன், 1972 என்று நடத்திக்கொண்டிருந்தேன். "மிஸ், இதுக்கு முன்னாடி சவ்வு எப்படி இருந்துச்சு?" என்று ஒரு பெண் எழுந்து கேட்டாள். பாடத்தில் இல்லாத கேள்வி. அந்தப் பீரியட் முழுக்க அதற்கே போனது. மறுநாள் அவளே டீமர் பற்றிப் படித்துவிட்டு வந்து எனக்குச் சொன்னாள்.

நேரலைக்குக் கீழே இதைத்தான் பொறுமையாக எழுதினேன். "டீச்சர் பாடத்தை மட்டும் நடத்தினால் போதும்" என்று பதில் வந்தது. அதற்கு விருப்பக்குறி போட்டவர்களில் என்னிடம் படித்தவர்களும் இருக்கிறார்கள். நீங்களுமா?