மூன்று வயதுக் கையை யாராவது பார்த்தீர்களா?

மழலையருக்குப் பயிற்சிப் புத்தகம் அச்சிடுகிறவர்களில் ஒருவராவது, மூன்று வயதுக் குழந்தை பென்சில் பிடிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருப்பாரா? பார்த்திருந்தால் இப்படிப்பட்ட புத்தகங்களை விற்க மனம் வந்திருக்காது.

பிளாஸ்டிக் உறையிலிருந்தே எரிச்சல் தொடங்கிவிடுகிறது. பிரித்துப் பார்க்கக் கூடாதாம். அட்டையில் சிரிக்கும் யானை, பக்கத்தில் "3 வயது முதல்" என்ற முத்திரை, "அறிவுத்திறனை வளர்க்கும்" என்று ஒரு வாக்குறுதி. இவற்றை நம்பித்தான் வாங்கியாக வேண்டும். வீட்டுக்கு வந்து உறையைக் கிழித்தால், நாலாவது பக்கத்திலேயே முக்கோணமும் சாய்சதுரமும் வரையச் சொல்கிறார்கள்! பெரும்பாலான குழந்தைகள் வட்டத்தைப் பார்த்து வரைவதே மூன்று வயதை ஒட்டித்தான். கூட்டல் குறிக்கு நான்கு வயது, முக்கோணத்துக்கு ஐந்து வயது ஆகிவிடும். சாய்சதுரம் அதற்கும் பிறகு. இது ஏதோ ரகசியம் அல்ல, குழந்தை வளர்ச்சி பற்றிய எந்தப் பாடநூலைப் புரட்டினாலும் கிடைக்கும் செய்தி. அதைக்கூடப் பார்க்காமல் அட்டையில் வயதை எப்படிப் போடுகிறார்கள்? குழந்தையால் வரைய முடியாதபோது புத்தகத்தின் மேல் யாரும் குறை சொல்வதில்லை. "இன்னும் இதுகூட வரவில்லையா?" என்று பிள்ளையைத்தான் கேட்கிறார்கள். என் வயிறு எரிவது அதற்காகத்தான்.

அடுத்தது அந்தப் புள்ளிக்கோடுகள். ஒரே எழுத்து, பக்கம் முழுக்க, வரிசை வரிசையாக. எங்கே தொடங்க வேண்டும் என்று ஒரு புள்ளியோ, எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ஓர் அம்புக்குறியோ கிடையாது. 'அ' எழுதும்போது சுழியில் தொடங்க வேண்டும். குழந்தையோ கடைசியில் போட வேண்டிய நேர்கோட்டை முதலில் இழுத்துவிட்டு, மிச்சப் புள்ளிகளைத் துண்டு துண்டாக இணைக்கிறது. பார்க்க 'அ' மாதிரியே இருக்கும். நாமும் கைதட்டுவோம். தப்பாகப் பழகிய கையைப் பிறகு திருத்துவது எவ்வளவு பாடு என்பது ஒன்றாம் வகுப்பு ஆசிரியர்களுக்குத் தெரியும்.

2012இல் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரின் ஜேம்ஸ் இணைந்து வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகள் சில எழுத்துகளைத் தாங்களாகவே எழுதிப் பழகினார்கள், சிலவற்றைக் கோட்டின் மேல் வரைந்தார்கள், சிலவற்றைத் தட்டச்சு செய்தார்கள். பிறகு அந்த எழுத்துகளைப் பார்த்தபோது, வாசிப்போடு தொடர்புடைய மூளைப் பகுதிகள் விழித்துக்கொண்டது தாங்களாக எழுதியவற்றுக்குத்தான். கோணல்மாணலாக எழுதினாலும் அது அந்தக் குழந்தை எழுதிய எழுத்து. நம் புத்தகங்களிலோ குழந்தை தானாக எழுதிப் பார்க்க ஒரு வெற்றிடம்கூட விடுவதில்லை. விட்டால் பக்கம் காலியாகத் தெரியுமாம்!

ஆங்கில எழுத்துப் புத்தகங்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். எழுத்தின் ஒலியைக் கற்றுக்கொடுக்கிறோம் என்று அட்டையில் போட்டுக்கொண்டு, 'எக்ஸ்'க்கு சைலோஃபோன் என்ற இசைக்கருவியின் படம் போடுகிறார்கள். அந்தச் சொல்லில் அந்த எழுத்தின் வழக்கமான 'க்ஸ்' ஒலி எங்கே இருக்கிறது? 'ஓ'வுக்கு ஆந்தை (அவுல்), 'ஜி'க்கு ஒட்டகச்சிவிங்கி (ஜிராஃப்). இவற்றிலும் அந்த எழுத்துகளின் வழக்கமான ஒலி இல்லை. ஒலியைக் காதால் பிடிக்க முயலும் குழந்தையை வேண்டுமென்றே குழப்புகிற வேலை இது. எண்கள் பக்கம் இன்னும் மோசம். ஐந்து என்று எழுதிவிட்டு ஆறு பூ வரைந்திருந்த பக்கத்தை நானே பார்த்திருக்கிறேன். சரியாக எண்ணிய குழந்தை தான்தான் தப்பு செய்துவிட்டதாக நினைத்து மறுபடி முதலிலிருந்து எண்ணுகிறது. அந்த முகத்தைப் பார்த்தபோது வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

தாளும் அப்படித்தான். கிரையான் ஒட்டாத வழவழப்பு, இல்லையென்றால் மை மறுபக்கம் ஊறும் மெல்லிசு. புத்தகமும் விரித்து வைத்தால் விரிந்து நிற்காது. ஒரு கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு மறு கையால் எழுத, பெரியவர்களே திணறுவோம்.

"பார்த்துத் தேர்ந்தெடுப்பது பெற்றோர் பொறுப்பு" என்று அறிவுரை சொல்ல மட்டும் எல்லோரும் வந்துவிடுகிறார்கள். எதைப் பார்ப்பது, ஐயா? பின்னட்டையில் உள்பக்கங்கள் நான்கையாவது அச்சிடுங்கள். வயதைப் போடுவதற்குப் பதில், குழந்தைக்கு என்னென்ன செய்யத் தெரிந்திருந்தால் இதை வாங்கலாம் என்று இரண்டு வரி எழுதுங்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் தொடக்கப் புள்ளி வையுங்கள், அம்புக்குறி போடுங்கள், பக்கத்தில் பாதியைக் காலியாக விடுங்கள். அச்சுக்கு அனுப்பும் முன் படங்களை ஒருமுறையாவது எண்ணிப் பாருங்கள். இவ்வளவுதான் கேட்கிறோம்.