எங்களுக்கும் ஓர் இருக்கை போடுங்கள்

குழந்தைகள் இல்லங்களிலிருந்து 18 வயதில் வெளியேறுவோருக்கான பிற்காப்பு உதவியைச் சீரமைக்க அதிகாரிகளும் வல்லுநர்களும் அடங்கிய குழு வேண்டும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். நானும் இல்லத்தில் வளர்ந்தவள்தான். அந்தக் குழுவில் எங்களில் ஒருவர்கூட வேண்டாமா?

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பிரிவு 46, வெளியேறுபவருக்குப் பண உதவி 'வழங்கப்படலாம்' என்கிறது. அந்த 'லாம்' என்ற ஈற்றிலேயே எத்தனையோ பேரின் வாழ்க்கை தொங்குகிறது. ஒன்றிய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் இப்படி வெளியேறுவோருக்கு மாதம் 4,000 ரூபாய் உண்டு. ஆனால் நான் தடுமாறிய இடம் பணம் மட்டுமல்ல. வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் "அப்பா என்ன செய்கிறார், சொந்த ஊர் எது?" என்பார்கள். காய்ச்சலில் கிடந்தபோது யாருக்குத் தொலைபேசியில் சொல்வதென்று தெரியவில்லை. இதையெல்லாம் எந்தப் படிவத்தில் எழுதுவது?

இல்லத்துக்குள் இருக்கும்வரை குழந்தைகள் குழு அமைக்க அந்தச் சட்டத்துக்கான 2016 மாதிரி விதிகள் வழி செய்கின்றன. சாப்பாடு பற்றிக்கூடக் கருத்துச் சொல்லலாம். வாசலைத் தாண்டியதும் எங்கள் கருத்து யாருக்கும் தேவைப்படுவதில்லை. ஆனால் ஸ்காட்லாந்தில், அரசுப் பராமரிப்பில் வளரும் குழந்தைகளுக்கான ஏற்பாடுகளை ஆராய்ந்து 2020இல் முடிந்த மறுஆய்வு 5,500க்கும் மேற்பட்டோரிடம் கருத்துக் கேட்டது. அவர்களில் பாதிக்கு மேல் அந்தப் பராமரிப்பு வாழ்க்கையை நேரில் அனுபவித்தவர்கள்.

எங்களை அழைப்பதானால் ஞாயிற்றுக்கிழமையில் அழையுங்கள், பஸ் கட்டணமும் கொடுங்கள். வேலை நாளில் வந்தால் பலருக்கு அன்றைய கூலி போய்விடும்.