மூன்று மடங்கு கூலி என்ற கணக்கைப் பற்றி

தொண்டி, மண்டபம் பகுதிக் கடலோரக் கிராமங்களில் நூறு நாள் வேலைக்குச் சென்ற பெண்களின் கூலி, 2011இல் 119 ரூபாயாக இருந்து 2024-25இல் 319 ரூபாயாகிவிட்டதால், அவர்களின் வருவாய் ஏறக்குறைய மூன்று மடங்காகிவிட்டது என்று சொல்லப்படுவது சரியன்று.

எண்கள் சரியானவையே. ஆனால் 2011 முதல் இந்தக் கூலி வேளாண் தொழிலாளர் விலைவாசிக் குறியீட்டைப் பின்பற்றி மாற்றப்பட்டு வந்ததால், இந்த உயர்வில் பெரும்பகுதி அரிசி, மண்ணெண்ணெய் விலையேற்றத்துக்கான ஈடு மட்டுமே. அதை வாங்கும் திறனின் வளர்ச்சியாக எண்ணக் கூடாது. 2017இல் 203 ரூபாய் 205 ஆனது, அதாவது நாளுக்கு 2 ரூபாய், மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாள்களில் வீட்டை இந்தக் கூலியே தாங்கிவந்தபோது!

இந்தக் கூலியை ஆராய மத்திய அரசு அமைத்த மகேந்திர தேவ் குழு பரிந்துரைத்தபடி, மாநிலத்தின் குறைந்தபட்ச வேளாண் கூலி, நடப்பு நூறு நாள் வேலைக் கூலி ஆகியவற்றில் அதிகமானதை அடிப்படையாக்கி, அதன்மீதே குறியீட்டின்படி உயர்த்தியிருக்க வேண்டும்.