எடல்வைஸ் ஆஸ்திரியாவின் தேசிய கீதம் அல்ல

'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்தில் வரும் எடல்வைஸ் என்ற பாட்டு ஆஸ்திரியாவின் பழைய தேசிய கீதம் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி பெரம்பூர், ராயபுரம் பக்கம் சுற்றுகிறது. தவறு. அதே பெயரில் 1959-ல் நியூயார்க்கில் அரங்கேறிய இசை நாடகத்துக்காக ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் இசையமைக்க, ஆஸ்கர் ஹாமர்ஸ்டீன் எழுதிய பாட்டு அது. அவர் கடைசியாக எழுதிய பாட்டும் அதுதான். மறு ஆண்டே புற்றுநோயில் காலமானார். அது தெரிந்த பிறகு அந்த எளிய வரிகளைக் கேட்டால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. ஆஸ்திரியாவின் கீதம் 'மலைகளின் நாடே' என்ற பொருளில் ஜெர்மன் மொழியில் தொடங்கும் வேறொரு பாட்டு.

அப்புறம், 1965-ல் வந்த படத்தின் இசைத்தட்டில் அதை நடிகர் கிறிஸ்டோபர் பிளம்மரே பாடினார் என்றும் அந்தச் செய்தி சொல்கிறது. அதுவும் சரியில்லை. குரல் பில் லீ என்ற பாடகருடையது. படத்தில் பிளம்மர் வாயசைத்தார்.