செமஃபோர் பிழையில் வரும் ‘இடமில்லை’ வட்டைப் பற்றியதல்ல

செமஃபோர் என்பது பகிர்ந்த வளத்தைச் செயலிகள் முறைவைத்துப் பயன்படுத்த உதவும் எண்ணி. செமஃபோர் தொகுதியைக் கெர்னலிடம் கேட்டுப் பெறுவது செம்கெட் அழைப்பு; செமஃபோர் வரம்புகளை வைத்திருக்கும் லினக்ஸ் அளவுரு கெர்னல்.செம். “செம்கெட் அழைப்பு ‘சாதனத்தில் இடமில்லை’ என்று திரும்பினால் வட்டைக் காலி செய்யுங்கள், இல்லையேல் கெர்னல்.செம்மின் முதல் எண்ணைக் கூட்டுங்கள்” என்று சிலர் சொல்கிறார்கள். இரண்டுமே தவறு. அந்தப் பிழைக்கும் வட்டுக்கும் தொடர்பே இல்லை.

கெர்னல்.செம் அளவுருவில் நான்கு எண்கள், இந்த வரிசையில்: செம்எம்எஸ்எல் (ஒரு தொகுதியில் எத்தனை செமஃபோர்), செம்எம்என்எஸ் (கணினி முழுவதற்குமான மொத்தம்), செம்ஓபிஎம் (ஒரே செம்ஆப் அழைப்பில் எத்தனை செயல்), செம்எம்என்ஐ (எத்தனை தொகுதிகள்). ‘இடமில்லை’ என்பது இரண்டாவதோ நான்காவதோ தீர்ந்தால் வருவது. முதல் எண்ணை மீறினால் ‘செல்லாத மதிப்பு’ என்ற வேறு பிழைதான் வரும்.

பழைய கெர்னல்களில் இயல்பு மதிப்பு 250, 32000, 32, 128. அதில் 128 தொகுதிகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். 3.19 முதல் 32000, 1024000000, 500, 32000. ஆகவே புதிய கணினியில் இப்பிழை வந்தால், யாரோ சிஸ்கண்ட்ரோல் கோப்பில் (கெர்னல் அளவுருக்களை எழுதிவைக்கும் கோப்பு) பழைய எண்களை ஒட்டியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

இப்போதுள்ள வரம்புகளைப் பார்க்க ஐபிசிஎஸ் கட்டளையை -எல், -எஸ் (சிறிய எழுத்துகள்) தேர்வுகளோடு ஓட்டுங்கள். கவனம்: அது தொகுதி எண்ணிக்கையை முதலில் காட்டும், சிஸ்கண்ட்ரோல் கோப்பிலோ அது கடைசி. பலர் எண்களை இடம் மாற்றிப் போடுவது இங்கேதான். -எல்லுக்குப் பதில் -யூ கொடுத்தால் இப்போதைய பயன்பாடு தெரியும்.

செயலி திடீரென இறந்தால் அதன் தொகுதிகள் தானாக அழியாது. உரிமையாளர் செயலி ஓடவில்லை என்று உறுதிசெய்த பிறகே ஐபிசிஆர்எம் கட்டளை கொண்டு அவற்றை நீக்குங்கள். வரம்பைக் கூட்டுவது அதற்கப்புறம்.